மஞ்சள் கேன்

வடக்கனந்தல்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள இளவரசன் அண்ணனுக்கு,

உன் தங்கை சுபஸ்ரீ வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவும் நானும் நலம். அப்பா மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் தங்கி வேலை செய்கிறார். நீ நலமாக இருக்க வேண்டும். இதைச் சும்மா எழுதவில்லை, அண்ணா.

அம்மா தூங்கிவிட்டாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் திருநாவலூர் பகலவன் அண்ணன் வந்து உனக்கான முறுக்கு டப்பாவை வாங்கிக்கொண்டு போவார். கப்பல் சமையலறையில் உன் இடத்துக்குத்தான் அவர் வருகிறார் என்பது அம்மாவுக்குத் தெரியாது. உனக்குத் துணை கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறாள். டப்பாவின் அடியில், செய்தித்தாளுக்குக் கீழே இதை வைத்துவிடுவேன். அடியில் இருப்பதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள் என்று அவரிடம் மட்டும் சொல்வேன். போனில் சொல்ல வழியில்லை. நான் ஏதாவது அனுப்பினால் நீ பதில் அனுப்புவாய். அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பாள்.

நீ அனுப்பிய வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நம் கல்வராயன் மலையில் மரமாவது இருக்கிறது. நீ போயிருக்கும் இடத்தில் வெறும் பாறையும் பனியும் நேராகக் கடலுக்குள் இறங்குகின்றன. உங்கள் சின்னக் கப்பல் அதன் கீழே பொம்மை போல நிற்கிறது. ஆளே இல்லாத கரையைப் பார்க்க வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிகள் ரப்பர் படகில் போகிறார்கள். ராஜாம்பாள் அத்தை, "இன்னாடி இது, ஊருமில்ல கடையுமில்ல, இதைப் பாக்கவா துட்டு குடுத்துப் போறாங்க?" என்றது. அம்மா விடவில்லை. "எம்புள்ளயப் பாரு, எப்டி குந்திக்கினு போறான்! கெணத்துல மீனு மாதிரி நீந்தனவனாச்சே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் உன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகுக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருந்தாய். பயந்துபோய்க் கிணற்றுப் படியை இறுக்கிப் பிடிப்பாயே, அதே பிடி.

அப்பா உன் முதுகில் மிதப்பதற்குக் காலி மஞ்சள் கேனைக் கட்டி சுப்புராயன் மாமா கிணற்றில் இறக்கிய கோடையில் நீ நீந்தவே இல்லை. அப்பா அந்தப் பக்கம் போனதும் மோட்டார் தொட்டியில் தலையை நனைத்துக்கொண்டு வந்து, "கத்துக்கினேம்பா" என்றாய். அது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. அம்மா ரேஷன் கடையில் இருந்ததால் நான் மட்டும் கேட்டேன், உடனே அழித்துவிட்டேன். பகலவன் அண்ணன் வந்ததும் உனக்குப் புது வேலை என்றாய். கரையோரத்தில் முதலில் தண்ணீரில் குதித்து, படகு கல்லில் மோதாமல் பிடிக்க வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரர் வழுக்கி விழுந்து, தூக்கியபோது பேச்சே வரவில்லையாம். அவருக்கு நன்றாக நீச்சல் தெரியும் என்று நீயேதான் சொன்னாய். உன்னைக் கேட்டபோது நீயும் தெரியும் என்று சொல்லிவிட்டாயாம். "பயப்படாதடி, லைஃப் ஜாக்கெட் இருக்குது. அந்தத் தண்ணியில நீச்சல் தெரிஞ்சவனும் தெரியாதவனும் ஒண்ணுதான், குளிரே முடிச்சிடும்" என்று சிரித்தாய். அன்றிலிருந்து கண்ணை மூடினால் கறுப்புத் தண்ணீர்தான் வருகிறது.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் என் கூடப் படிக்கும் செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டு அதே கிணற்றுக்குப் போனேன். தொழுவத்தில் தொங்கிய அந்தக் கேனை முதுகில் கட்டிக்கொண்டேன். நீ எதற்குப் பயந்தாய் என்று தெரிந்துகொள்ளத்தான் இறங்கினேன். கயிறு மக்கிப்போயிருந்தது. அறுந்து, கேன் தனியே மிதந்து போய்விட்டது. காது அடைத்தது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. செவ்வந்தி நாங்கள் கொண்டுபோயிருந்த பழைய சேலையை வீசி இழுத்துப் போட்டாள். "சாவறதுக்கா என்னயும் கூட்டிக்கினு வந்த?" என்று அழுதுகொண்டே முதுகில் அடித்தாள். அது நம் கிணறு, அண்ணா. வெயில் பட்ட தண்ணீர். சேலையோடு ஒருத்தி நின்றாள். உனக்கு அங்கே யார் நிற்பார்கள்?

அதற்குப் பிறகும் தினமும் இறங்குகிறேன். இப்போது கேன் இல்லாமலே படியிலிருந்து மோட்டார் பைப் வரை போகிறேன்.

பகலவன் அண்ணன் வந்ததும் நேராகக் கேப்டனிடம் போ. நீச்சல் தெரியாது என்று சொல்லிவிடு. திட்டட்டும், திருப்பி அனுப்பட்டும். ராஜாம்பாள் அத்தை, "இன்னா, அதுக்குள்ள வந்துட்டான்?" என்று கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அம்மாவுக்கும் நானே சொல்கிறேன். அம்மா அழுவாள். அழுதாலும் நீ வீட்டில் இருப்பாய்.

அம்மா புரண்டு படுக்கிறாள். நிறுத்துகிறேன். கேனை நான் தூக்கிப் போடவில்லை. உன் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் நீளத்துக்குப் புதுக் கயிறு வாங்கி, தொழுவத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். நீ வந்ததும் முடிச்சை நான் போடுகிறேன். சேலையையும் நானே பிடித்துக்கொள்கிறேன்.

மாரியம்மன் உன்னைத் தண்ணீருக்கு மேலேயே வைத்திருக்கட்டும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
சுபஸ்ரீ