முகத்தை அறியும் மடிப்பு

பிள்ளைப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

என் கண்ணு கவிப்பிரியா,

அம்மா எழுதுகிறேன். புனேவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கவேண்டும். நான் எத்தனை முறை போன் செய்தும் நீ எடுக்கவில்லை. மாப்பிள்ளை ஜோயலிடம் விலாசம் வாங்கினேன். அவரிடமே சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று பட்டது. பச்சை உடம்போடு அழுதுகொண்டிருக்காதே.

அன்றைக்கு வீடியோ காலில் நீ ஒன்றும் பேசாமல் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாய். உன் கல்யாணத்திலிருந்து பேசாத அப்பா, முதல் வார்த்தையைப் பேசட்டும் என்று காத்திருந்தாய். அவர் உன்னையே பார்த்துவிட்டு, "யாரும்மா நீ? யார் கொழந்த இது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் அது கோபத்தில் கேட்டதில்லை கண்ணு. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஆடி மாதம் அப்பா கம்பெனி ஸ்டோரில் தலை சுற்றி விழுந்தார். மூளையில் ரத்த அடைப்பு. நீ மாசமாக இருந்ததால் உன்னிடம் சொல்லவில்லை. கை கால், பேச்சு எல்லாம் நன்றாகவே இருந்தன. கண் விழித்தவர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், எங்க வூட்டுக்காரம்மா வெளிய இருப்பாங்க, கூப்புடுங்க" என்றார். நான் "என்னங்க" என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா 'ஃபியூசிஃபார்ம் கைரஸ்' என்று ஒரு பெயர் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. அப்படியென்றால் என்ன என்று விடாமல் கேட்டேன். கைரஸ் என்றால் மடிப்பாம். ஃபியூசிஃபார்ம் என்றால், நூல் நூற்கிற கதிர்போல நடுவில் பருத்து இரண்டு முனையும் மெலிந்திருப்பதாம். மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் அந்த மடிப்பில்தான் முகம் அடையாளம் தெரிகிறதாம். அப்பாவுக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. சேர்த்துப் பார்த்தால் அது யார் என்று தெரியவில்லை. குரல் மட்டும் உடனே தெரிந்துவிடுகிறது.

அந்தப் பெயரைக் காதில் வாங்கியவர்கள் 'ஃபியூஸ்' என்று பிடித்துக்கொண்டார்கள். புருஷோத்தமனுக்கு ஃபியூஸ் போய்விட்டது, ஆள் லூசாகிவிட்டார் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. திரும்ப வேலைக்குப் போன புதிதில், கையைத் தூக்கி வணக்கம் வைத்தவர்களை, வேறு யாருக்கோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார். அதற்கும் திமிர் என்றார்கள். சூப்பர்வைசர் சிவசங்கர் வீட்டுக்கு வந்தபோது அவரிடம் எல்லாம் விளக்கிச் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர், "அண்ணே, சிவசங்கர் பேசறேன்" என்று ஆரம்பித்தார். இப்போது ஸ்டோரில் எல்லாரும் பெயர் சொல்லித்தான் பேசுகிறார்கள். வேலை போகாமல் தப்பியது.

நானும் வீட்டில் பேசிக்கொண்டேதான் நடமாடுகிறேன். சும்மா வந்து நின்றால் திடுக்கிடுகிறார். பழகிவிட்டது. திரும்பவும் முகம் தெரியுமா என்றால், சொல்ல முடியாது என்றுதான் டாக்டரம்மா சொல்கிறார்.

நீ போனை வைத்த பிறகுதான் யார் என்று அவரிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நம்ம கவியா அது? ஒரு வார்த்த பேசியிருந்தா கண்டுபுட்சிருப்பேனே" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. உன்னிடம் பேசுங்கள் என்றேன். பெற்ற பிள்ளையை யார் என்று கேட்டவன் எந்த முகத்தோடு பேசுவது என்கிறார்.

நேற்று காலையில், குழந்தை யார் ஜாடை என்று கேட்டார். நெற்றி மாப்பிள்ளை மாதிரி, மூக்கு அப்படியே உங்கள் மூக்கு என்றேன். அதற்குப் பிறகு தன் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தாலும் அவருக்கு அவர் முகம் தெரியாது, பார்.

முடிந்தால் மாப்பிள்ளையோடு ஒருமுறை வா. தண்டலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பா அங்கே வந்து நிற்பார். எல்லாரையும் பார்ப்பார், உன்னையும் பார்ப்பார், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அதைப் பார்த்து நின்றுவிடாதே. கிட்டே போய், நீயே முதலில் அப்பா என்று கூப்பிடு.

மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள்.

உன் அம்மா,
சசிகலா