ஃபிரிட்ஜுக்குள் போன டொஃபி அப்பிள்

மே 15, வெள்ளி. கிரான்பர்ன்.

நாளைக்கு மகளின் பள்ளிக்கூடத்தில் இலையுதிர்காலச் சந்தை; இங்கே மே மாதமே குளிர் தொடங்கிவிடும். அதற்காகப் பகல் முழுக்கக் குசினியில் நின்று டொஃபி அப்பிள் செய்தேன். தோலில் இருந்த மெழுகைச் சுடுதண்ணீரில் கழுவி, குச்சி குத்தி, சிவப்புச் சீனிப்பாகில் தோய்த்துக் காயவைத்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கின.

மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்து பார்த்தால் மேசையில் ஒன்றுமில்லை. இவர் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்குள் அடுக்கியிருக்கிறார். வெளியே எடுத்ததும் வியர்த்துப் பாகெல்லாம் வழிந்தது.

"எறும்பு மொய்க்குமெண்டுதான் வைச்சனான்."

"இந்தக் குளிருக்கு எறும்போ? இந்த வீட்டில ஒண்டையாவது கண்டனீங்களோ?"

"சரி, விடும். சின்னப்பிள்ளையள்தானே, எப்பிடியும் திண்டிடுங்கள்."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போய்ப் படுத்துவிட்டார். குறட்டை இங்கே வரைக்கும் கேட்கிறது.

பாகு காய்ச்சிய சட்டியை நான் வேண்டுமென்றே கழுவவில்லை. மூடாமல் மேசையிலேயே விட்டிருந்தேன். இப்போது போய் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். ஒரு எறும்புகூட இல்லை. சட்டியை அப்படியே அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.