போக ஒன்பது மணி, வர பதினெட்டு

1961 ஜனவரி 9, திங்கள்
பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து கூடையை இறக்கறேன், பாரீசிலிருந்து காகிதம். அக்கா மகள் ரொசாலி எழுதியிருக்கா. அக்கா ஞானமேரிக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்காம். "சித்தி, அம்மா உங்களைத்தான் கேக்குறாங்க. ஏரோப்ளேன் டிக்கெட் நாங்க அனுப்பறோம்."
கேக்கட்டும். எங்கம்மாவும் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தா.

ஜனவரி 10
1931 ஆகஸ்டு. மறக்கலை. அம்மா படுத்ததும், அக்கா அப்ப இருந்த சைகோனுக்குத் தந்தி அடிச்சோம். அக்காவோட பதில் தந்தி: கப்பல் இருபது நாள், வந்து சேர முடியாது. அம்மா பதினெட்டு நாள் உயிரோட இருந்தா. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் "ஞானமா?" என்பாள். ஒவ்வொரு தடவையும் நான்தான்.
கப்பல் ஆபீசில் நானே போய்க் கேட்டேன். பதினைஞ்சு நாள்ன்னாங்க. அந்த அஞ்சு நாள் அக்கா கூட்டிச் சொன்ன பொய். முப்பது வருஷமா அவளுக்கு ஒரு வரி எழுதலை.

ஜனவரி 14
மகன் சூசைநாதன் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கணும்னான். எப்பவும் அவன் பெரியம்மா கட்சி. அவன் பிள்ளைங்க "ஆயா ஏரோப்ளேன்ல போகுது"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுதுங்க. போறேன்னு நான் எப்ப சொன்னேன்?
நல்ல புடவையை எடுத்து வெயிலில் போட்டேன். எதுக்குப் போட்டேன்?

ஜனவரி 23
டிக்கெட் வந்தது. கூடவே பிரெஞ்சில் ஒரு காகிதம். நேரத்தை மட்டும் சூசை படிச்சுச் சொன்னான். பம்பாயில் காலை ஆறுக்குக் கிளம்பினால் பாரீசில் பகல் மூணு. ஒன்பது மணி நேரம். திரும்பி வர, பாரீசில் பகல் பன்னிரண்டு, பம்பாயில் மறுநாள் காலை ஆறு. பதினெட்டு!
ஒரே ஏரோப்ளேன், ஒரே வானம். வர்றதுக்கு மட்டும் ரெண்டு பங்கா? அக்கா வீட்டில் எல்லாருமே பயணக் கணக்கில் பொய் சொல்றவங்க. போகலைன்னு சொல்லிட்டேன்.

ஜனவரி 24
பக்கத்து வீட்டு சகாயநாதன் வந்தாரு, கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். சூசைதான் அனுப்பியிருப்பான். காகிதத்தைப் பார்த்துச் சிரிச்சாரு. "அக்கா, நீங்க இங்க மீன் வாங்கிக் கழுவுறப்ப அங்க இன்னும் விடிஞ்சிருக்காது. அவங்க கடியாரம் நாலரை மணி பின்னால. போனாலும் வந்தாலும் பதிமூணரைதான்."
விரல் விட்டு ரெண்டு தரம் எண்ணினேன். சரியாத்தான் இருக்கு.
அந்தச் சூட்டோட கேட்டேன் — இத்தனை வருஷம் பக்கத்து வீடு, ஒரு நாளும் கேட்டதில்லை — சைகோன் கப்பல் அப்ப எத்தனை நாள்?
பதினைஞ்சுன்னாரு. எனக்கு மூச்சு வந்தது.
"அது கடலில் ஓடுற நாள். பெரிய கப்பல் கொழும்போட சரி. அங்க இறங்கி நம்ம ஊர்க் கப்பலுக்கு அஞ்சு நாள் காத்துக் கிடக்கணும். இருபதுக்குக் குறைஞ்சு யாரு வந்தாங்க?"
காபி போடறேன்னு உள்ளே போனேன். போடலை.

ஜனவரி 25
அவள் மேல் வேற என்ன குத்தம் இருக்குன்னு நாளெல்லாம் யோசிச்சேன். தன் கல்யாணத்துக்குன்னு என் கல்லுத் தோட்டை வாங்கிப் போனவ திருப்பித் தரலை. அது ஒண்ணுதான் தேறுது. பத்தாது.

பிப்ரவரி 6
போட்டோ எடுத்து, கையெழுத்துப் போட்டு, எல்லாம் ஆச்சு. பாஸ்போர்ட் இன்னும் வரலை. தபால்காரர் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடறேன். ரொசாலி காகிதம் வந்து இருபத்தெட்டு நாள். அம்மாவுக்குப் பதினெட்டுதான் கிடைச்சுது.

பிப்ரவரி 20, பாரீஸ்
நேத்து வந்தேன். நேரா ஆஸ்பத்திரி. அக்கா பாதி ஆளாக் கிடக்கா. என் செருப்புச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்து "தங்கச்சியா?"ன்னா. காதில் என் தோடு.
"வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"ன்னு கேட்டா.
"இருபது நாள்"ன்னேன்.
என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் மெல்ல நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டா.