தம்பி அடித்த மணி

ஜூன் 8, சனி

பணியில் இறந்த தீயணைப்பு வீரர்களுக்கு இன்று அணிவகுப்பு மரியாதை. ஒவ்வொரு பெயரையும் வாசிக்கும்போது மணி அடித்தவன், அதே படையில் வேலை செய்யும் எங்கள் தம்பி. வெள்ளைக் கையுறையோடு அசையாமல் நின்றான்.

முதல் மணிக்கே அம்மா எழுந்து சிலுவை போட்டு, திரிகால செபத்தைச் சத்தமாகத் தொடங்கிவிட்டார். மாதா கோயில் மணி கேட்டால் அந்தச் செபம் சொல்லிப் பழக்கம். அவரைப் பார்த்துப் பின்வரிசையும் எழுந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இருங்கோ அம்மா, இது செத்த ஆக்களுக்கு அடிக்கிறது" என்று சேலையை இழுத்தேன். அவர் உட்காரவில்லை. கடைசிப் பெயர் வரைக்கும் நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "தம்பி வடிவா அடிச்சவன், என்னம்மா?" என்றேன்.

"ஓம். ஒவ்வொரு வருஷமும் அவனே அடிக்கட்டும்."



தம்பிக்கு இன்றிரவும் டியூட்டி.