முதல் பக்கத்தின் கீழ்ப்பாதி

இன்று காலை பாண்டிச்சேரி போகும் பேருந்தில், பக்கத்து இருக்கைக்காரர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தைலம் தேய்த்தார். கற்பூரமும் வேப்பெண்ணெயும் கலந்த வாடை. கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ போய் நான்கு வருஷமாகிறது. நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அந்தத் தைல விவகாரத்தை மட்டும், அது முடிந்த பிறகு பேசவே இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் சிக்குன்குனியா வந்தபோது நம் பத்திரிகைக்கு இரண்டு வயது. மாதம் இருமுறை, நான்கு பக்கம். நீ செய்தி எழுதுவாய். நான் டைப் செய்வேன், விளம்பரம் பிடிப்பேன். அந்த வருஷம் நம் ஊர் உப்பளத்துக்கு வேலைக்கு வந்தவர்களே குறைவு. வந்தவர்களும் கை மடங்காமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். நோயின் பெயரில் சிக்கன் இருப்பதாக நினைத்து ஊரே கோழி சாப்பிடுவதை விட்டது. நம் பழைய விளம்பரதாரரான கோழிக்கடைக்காரர் முதலில் விலகினார். அடுத்து ஓர் உப்பள முதலாளி: “காய்ச்சல் காய்ச்சல்னு நீங்க எழுதுனா, வர்ற ஆளும் வரமாட்டான்.”

நீ எழுதுவதை நிறுத்தவில்லை. குப்பம் குப்பமாகப் போய், தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள், இதற்கென்று தனி மருந்து கிடையாது என்று எழுதினாய். பிறகு நீயும் படுத்தாய். விரல்கள் வீங்கிவிட்டன. நீ சொல்லச் சொல்ல உன் மனைவி எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரம்தான் தைலக்காரர் வந்தார். விளம்பரத்துக்கு முதல் பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்க வேண்டும் என்றார். ‘மூன்றே நாளில் மூட்டுவலி பறந்துவிடும். வேறு மருந்தே வேண்டாம்.’ அந்த இதழை அச்சடிக்க வேறு வழியில்லை. உன்னைக் கேட்டால் என்ன சொல்வாய் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. மேலே, மருந்து கிடையாது என்ற உன் கட்டுரை. கீழே மருந்து.

பத்து நாள் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நீ அலுவலகத்துக்கு வந்த அன்றே உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலையும் வந்தார். அவர் கணவருக்குச் சர்க்கரை நோய். ‘வேறு மருந்தே வேண்டாம்’ என்று படித்துவிட்டு, சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறார். மயங்கி விழுந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

“தொட்டிய மூடச் சொன்னீங்க, மூடனோம். இதையும் நீங்கதான சார் சொன்னீங்க?”

“அது வெளம்பரம்மா” என்றேன்.

“பேப்பர்ல தான இருந்துச்சு?”

அவர் போன பிறகு நீ என்னைப் பார்த்தாய். “ஏம்பா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா வேணாம்னுருப்ப. பேப்பர் நின்னுருக்கும்.”

“நின்னா நின்னுட்டுப் போவுது.”

அதற்கு மேல் திட்டவில்லை. அடுத்த இதழ் ஒற்றைத் தாள். அதில் நம் தவறு மட்டும்தான் செய்தி. என் பெயரைப் போடு என்றேன். “நீ வேற, நான் வேறயா?” என்று சொல்லிவிட்டு, ‘எங்கள் தவறு’ என்று டைப் செய்யச் சொன்னாய்.

என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து உப்பளத்துக்கு வந்தாய். படிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள் என்று, வரப்பில் நின்று சத்தமாகப் படித்தாய். கேட்டுவிட்டு எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். அஞ்சலை மட்டும், “இன்னொரு வாட்டி படிங்க சார்” என்றார். படித்தாய். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உப்பு வாரப் போனார்.

அவர் கணவர் பிழைத்து வந்தார். உப்பளத்துக்கு மறுபடி வரவில்லை. மிச்சமிருந்த விளம்பரங்களும் போய்விட்டன. அந்தத் தாளே கடைசி இதழ். பத்திரிகை ஏன் நின்றது என்று கேட்டவர்களிடமெல்லாம், காய்ச்சலால் என்று சொன்னாய். நானும் அதையே சொன்னேன்.

‘எங்கள்’ என்று டைப் செய்தபோது, அதை ‘என்’ என்று மாற்றிவிடக் கை போனது. மாற்றவில்லை. நீ இருந்தவரைக்கும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இப்போது பக்கத்தில் நீ இல்லை; அந்தத் தவறு என்னுடையதாக மட்டும் இருக்கிறது.