ஆறாம் கட்டை

வியன்னா, மார்ச் 9, 1834

துணி துவைக்கிறவள் வந்தாள். எல்லாவற்றையும் போட்டேன். லேனியின் இரண்டு கவுன்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டேன். அவள் வாசனை இருக்கிறது.

என் குழந்தை லேனியைப் புதைத்து ஒரு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சமையல்காரி சீலி என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். பார்க்கட்டும்.

மார்ச் 15

என் கணவர் லோரென்ஸ் பியானோவில் உட்கார்ந்து லேனியின் மெட்டை வாசித்தார். அவள் எந்நேரமும் தட்டிக்கொண்டிருப்பாளே, அதுதான். அதையே விதவிதமாக மாற்றி வாசிக்கிற மாதிரி ஒரு பெரிய உருப்படி எழுதப் போகிறாராம். வழக்கம்போல அச்சுக்கு நான்தான் நகல் எழுத வேண்டும்.

எழுதுகிறேன். கை வேலை செய்கிறது. மற்றதெல்லாம் மரத்துக் கிடக்கிறது.

ஜூன் 2

அச்சாகி வந்துவிட்டது. சந்தோஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 20

பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். பியானோ வித்வான் கிரெட்லரின் சொனாட்டா குளிர்காலத்திலேயே அச்சில் வந்ததாம். இரண்டிலும் ஒரே மெட்டு. “பின்னால் வந்தவர் முன்னால் போனவர் பையில் கைவிட்டிருக்கிறார்.” லோரென்ஸிடம் பியானோ படிக்க வந்த இரண்டு பெண்களை அவர்கள் வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

லோரென்ஸ் பத்திரிகையைச் சுவரில் எறிந்தார். “என் பொண்ணோட பாட்டுடீ அது! அந்தத் தடியன்தான் திருடியிருக்கான்!”

ஜூன் 23

கிரெட்லரின் பிரதியை வாங்கி வந்து வாசித்துப் பார்த்தேன். அதே மெட்டுதான்.

அப்புறம் ஞாபகம் வந்தது. போன இலையுதிர்காலம் வரை அந்த மனிதர் எங்கள் தலைக்கு மேல்தானே குடியிருந்தார்! லேனி தரையில் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். “மாடி மாமா மறுபடி தப்பு விட்டுட்டாரும்மா” என்பாள். பேசாமத் தூங்குடீ என்பேன் நான்.

ஆக, மெட்டு அவருடையது. அப்போ என் பொண்ணோடதுன்னு என்னதான் மிச்சம்?

மறுபடி வாசித்தேன். ஒரு இடம் வேறு. முடிகிற இடத்தில் கிரெட்லர், கட்டைவிரல் நிற்கும் பியானோக் கட்டையிலிருந்து எண்ணி எட்டாம் கட்டைக்குத் தாவுகிறார். லேனிக்குக் கட்டைவிரலை எடுக்காமல் விரித்தால் ஆறாம் கட்டைதான் எட்டும். அதோடு நிறுத்திக்கொள்வாள். அவ்வளவுதான் அவளுடையது. ஒரே ஒரு கட்டை.

ஜூன் 24

லோரென்ஸிடம் சொன்னேன். “பாவி, இதை ஏன் கண்டுபிடிச்சே?” என்றார்.

ஜூன் 27

பதிப்பாளர் பொக்கோர்னி வந்தார். காபியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே வழி சொன்னார். “ஊர்ல யாருய்யா அடுத்தவன் மெட்டை எடுக்கல? பேரைச் சொல்லி எடுத்தா மரியாதை, சொல்லாம எடுத்தா களவு. ‘கிரெட்லர் மெட்டின் மேல் மாறுபாடுகள்’னு தலைப்பை மாத்துங்க. ஆனா முதல் பக்கத்துல மெட்டு அவர் எழுதினபடியே இருக்கணும், ஆமா.”

அதாவது எட்டாம் கட்டை.

“ஒரு ஸ்வரம்தானே மினா” என்றார் லோரென்ஸ், என்னைப் பார்க்காமல். சரி என்றேன். உள்ளே போய் உருளைக்கிழங்கு உரித்தேன்.

ஜூலை 3

நகல் எழுத உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

ஆறாம் கட்டையையே எழுதினேன். அச்சுப்பிழை பார்ப்பதும் நான்தான். யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 30

தெரிந்துவிட்டது. பத்திரிகை சிரிக்கிறது: “பாவம், எடுத்ததையாவது சரியாக எடுக்கக் கூடாதா?”

“நீயா?” என்றார் லோரென்ஸ்.

“ஆமா. நான்தான். உங்க மானம் போனா போகட்டும், அதை மட்டும் என்னால அழிக்க முடியல.”

கத்துவார் என்று நினைத்தேன். பியானோ மூடியை மெல்லச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

நவம்பர் 12

வக்கீல் ஹிர்ஷ்வெல் வீட்டு இசை மாலைக்கு கிரெட்லரையும் லோரென்ஸையும் கூப்பிட்டிருக்கிறார்கள். மெட்டுக்காரர் முதலில் மெட்டை வாசிப்பார், எடுத்தவர் அடுத்து மாறுபாடுகளை. அதுதான் வழக்கம். பக்கத்தில் பக்கத்தில் வாசித்தால் எங்கள் ‘தப்பு’ ஊருக்கே கேட்கும். லோரென்ஸ் சாப்பிடவில்லை.

நவம்பர் 16

ஹிர்ஷ்வெல் வீட்டில் கிரெட்லர் கோட்டைக் கழற்றும்போதே போய் நின்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. “நீங்க மேல வாசிச்சதை என் பொண்ணு கீழ படுத்துக் கேட்டா. அவ கை எட்டல. அதான் அந்த ஸ்வரம்.”

கோட்டைக் கையிலேயே வைத்திருந்தார். “அந்தக் குட்டியா? படிக்கட்டுல என்னை நிறுத்தி, ‘நேத்தும் தப்பு விட்டீங்க’ம்பாளே... போயிட்டாளா?”

வாசித்தார். ஊரிலேயே பெரிய கை என்று பெயர் எடுத்தவர். முடிகிற இடம் வந்தது. கட்டைவிரலை எடுக்கவில்லை. ஆறாம் கட்டையில் நிறுத்திக்கொண்டார்.

பக்கத்து நாற்காலி அம்மாள் என் காதில், “தன் பாட்டுலயே தப்பு விட்டுட்டாரே, வயசாயிடுச்சு” என்றாள். நான் புறங்கையால் கன்னத்தைத் துடைத்தேன். கைக்குட்டையும் கொண்டு போகவில்லை. லோரென்ஸ் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு வாசிக்கப் போனார்.

நவம்பர் 17

துணி துவைக்கிறவள் வந்தாள். கைக்குட்டையைப் போட்டேன். லேனியின் கவுன்களையும் போட்டேன்.