புள்ளி வரும்வரை

செப்டம்பர் 7, ஞாயிறு

விடிந்ததும் கேமராவோடு தோட்டத்துக்குப் போய்விட்டேன். வெயில் ஏறுவதற்குள் எடுத்தால்தான் உண்டு. சூடு பட்டால் பூச்சிகளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. அவரைக்கொடியின் நுனி முழுக்கக் கறுப்பாய், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. நடுவில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாய் ஒரு புழு, குட்டி முதலை மாதிரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸை அருகே கொண்டுபோன நேரம் பார்த்துக் கொடி குலுங்கியது. நிமிர்ந்தால் மாமனார், கையில் மருந்தடிக்கும் ஸ்பிரேயர்.

மாப்பிள்ளையை நேராகத் திட்ட முடியாதே. வீட்டுப் பக்கம் திரும்பி மகளிடம் சொன்னார்: "ஏம்மா, இத்தனை பூ இருக்கு. உன் வீட்டுக்காரரு அதெல்லாம் விட்டுட்டுப் பூச்சியத்தான் எடுப்பாரா?"

பேருந்தில் காலமெல்லாம் நடத்துனராக இருந்த குரல். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

செப்டம்பர் 8, திங்கள்

நான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதிலிருந்து நாங்கள் இருப்பது மாமனார் வீட்டில்தான். மனைவி வேலைக்குப் போகிறாள். நான் பூச்சியைப் படம் எடுக்கிறேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுவரைக்கும் நல்லது.

இன்று பக்கத்து வீட்டுத் தையற்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மாப்பிள்ளைக்கு இன்னும் லீவா?" என்று கேட்டார். மாமனார் "ம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று கத்திவிட்டேன். மாமனார் அந்த முதலைப் புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். "மாமா, அத விடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

கேமராவை டிவியில் மாட்டிக் காட்டினேன். திரை முழுக்கப் புழு, அதன் வாயில் அசுவினி, கால்கள் வெளியே உதறிக்கொண்டு. "இது பொறிவண்டோட குட்டி மாமா. வளர்ந்தா செவப்பா, புள்ளி போட்டுக்கிட்டு வருமே, அதேதான்."

அவர் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "பொறிவண்டு நல்லதுன்னு நான் அத தொட்டதே இல்ல. அதோட குட்டியவா இத்தனை வருஷமா தண்ணில போட்டேன்?"

அந்தத் தைரியத்தில், கொஞ்ச நாள் மருந்தே வேண்டாம், கொடியைப் புழுக்கள் பார்த்துக்கொள்ளும் என்று அளந்துவிட்டேன். அவர் மகளிடம் சொன்னார்: "சரிம்மா. கொடி போச்சுன்னா உன் வீட்டுக்காரரு பொறுப்பு."

செப்டம்பர் 12, வெள்ளி

அசுவினி கூடியிருக்கிறது. இலைகள் சுருண்டு, பூவெல்லாம் பிசுபிசுவென்று— வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? வேலைதான் போச்சு. இப்ப அந்த மனுஷன் பாத்துப் பாத்து வளர்த்த கொடியும் போகணுமா?

மனைவி கேட்கிறாள், "புழுவுக்கு நீங்க எதுக்கு ஜாமீன் போட்டீங்க?"

செப்டம்பர் 13, சனி

எழுந்ததும் முதலில் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்பிரேயர் அங்கேயேதான் தொங்குகிறது. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். எனக்குத்தான் உதறல்.

செப்டம்பர் 17, புதன்

நுனி பச்சையாகிவிட்டது! நேற்றே சந்தேகம், எழுதப் பயமாக இருந்தது. புழுக்கள் கொழுத்துப்போய் நகர முடியாமல் நகர்கின்றன. ஒன்று இலையடியில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகிவிட்டது. கூட்டை உடைத்து வண்டு வெளியே வருவதை நான் ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

மாமனார் குனிந்து பார்த்தார். "எப்ப வரும் மாப்பிள்ளை?"

என்னிடம்தான் கேட்டார். "நாலஞ்சு நாள்ல மாமா."

சாயங்காலம் பார்த்தால் கொடியைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார். நானும் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம்.

செப்டம்பர் 19, வெள்ளி

திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் வண்டும் திங்கட்கிழமையே வந்து தொலைத்தால்?

செப்டம்பர் 22, திங்கள்

இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். சொல்வதற்கு ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தேன். வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை. வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டு வாசலில் மாமனார் நிற்கிறார், கழுத்தில் என் கேமரா. இன்டர்வியூ பற்றிக் கேட்கவே இல்லை.

"நீங்க போன கொஞ்ச நேரத்துல வந்துருச்சு மாப்பிள்ளை. உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா அது? அதான் நானே எடுத்துட்டேன். மஞ்சளா வந்துச்சு. ஒரு புள்ளிகூட இல்ல. வேற என்னமோ பொறந்துடுச்சோன்னு எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. பாத்துடலாம்னு அங்கயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன். அப்புறம் மெல்ல மெல்ல நிறம் ஏறி, புள்ளி ஒண்ணொண்ணா வந்துச்சு பாருங்க! நடுவுல தையற்காரரு வந்து என்ன பண்றீங்கன்னாரு. மாப்பிள்ளை வெளிய போயிருக்காரு, அவரு வேலைய நான் பாத்துக்கிட்டிருக்கேன், அப்புறமா வாங்கன்னு அனுப்பிட்டேன்."

கேமராவை வாங்கிப் படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். பாதிப் படங்களில் அவர் கட்டைவிரல். மீதியில் இலை, சுவர், கலங்கலாய் ஒரு மஞ்சள் திட்டு. கார்டு நிரம்பும்வரை எடுத்துத் தள்ளியிருக்கிறார், ஒன்றுகூடத் தெளிவாக இல்லை.

"எப்படி வந்திருக்கு?" என்றார்.

"பிரமாதம் மாமா" என்றேன். நாளைக்குப் புதுக் கார்டு வாங்க வேண்டும். இதிலிருந்து எதையும் அழிப்பதாக இல்லை.